அடிக்கிற வீட்டுல இருந்து ஒரு பொண்ணு வெளிய வரணும்னா சுத்தி இருக்குறவங்க என்ன செய்யணும்: முழுமையான வழிகாட்டி

இத பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூட வேலை பாக்குற தோழிக்கும், மகளிர் குழுவுல இருக்குறவங்களுக்கும், தங்கச்சி வீட்டுல ஏதோ சரியில்லன்னு மனசுக்குள்ள போட்டு வச்சிருக்கிற அக்காவுக்கும்தான் எழுதுறேன். ஏன்னா அடி வாங்குற பொண்ணு முதல்ல வர்றது உங்ககிட்டதான், கலெக்டர் ஆபீசுக்கோ ஸ்டேஷனுக்கோ இல்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல, தமிழ்நாட்டுல 18ல இருந்து 49 வயசுக்குள்ள கல்யாணம் ஆனவங்கள்ல 100க்கு 38 பேர் புருஷன்கிட்ட அடியோ பாலியல் கொடுமையோ அனுபவிச்சிருக்காங்க. நாடு முழுக்கப் பாத்தா இப்படி வன்முறைய அனுபவிச்சவங்கள்ல 100க்கு 77 பேர் அத யார்கிட்டயும் சொல்லவே இல்ல, உதவி கேட்டது வெறும் 14 பேர். அந்த 14 பேர்லயும் பெரும்பாலானவங்க போனது சொந்த வீட்டு ஆளுங்ககிட்டதான், போலீஸ்கிட்ட போனவங்க ரொம்பக் கொஞ்சம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எந்தப் பொண்ணும் தனியா வெளிய வர்றதில்ல, ஒரே ஒரு தைரியசாலி வந்து கைய புடிச்சு கூட்டிட்டுப் போறதும் இல்ல, நாலு சாதாரண பொம்பளைங்க ஆளுக்கு ஒரு சின்ன வேலைய ஒழுங்கா செஞ்சா அவ வந்துருவா. அந்த நாலு வேலை என்ன, எந்த வரிசைல செய்யணும்னு பாப்போம்.

1. கேக்குற விதம்

மாமியார் வீட்டுல இருக்கும்போது கேக்காதீங்க, போன்லயும் கேக்காதீங்க. ரேஷன் கடை வரிசை, ஸ்கூல் வாசல், மொட்டை மாடில துணி எடுக்குற நேரம் இதெல்லாம்தான் சரியான இடம். "நேத்து சத்தம் கேட்டுச்சு, உனக்கு எதும் அடி பட்டுச்சாம்மா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" அவ்வளவு போதும். அவ "ஒண்ணும் இல்லக்கா"ன்னு சொன்னா விட்ருங்க, கதவு திறந்திருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சாச்சு, ஒரு வாரமோ ஒரு மாசமோ கழிச்சு அவளே வருவா.

சொல்லவே கூடாதது: "நீ என்ன பேசின, அவரு சும்மா அடிப்பாரா", "புள்ளைங்க முகத்தப் பாத்து பொறுத்துப் போ", "குடிச்சாதான அப்படி, மத்த நேரம் நல்லவருதான". இதுக்கு நேர் எதிரா "நானா இருந்தா அன்னிக்கே தாலிய கழட்டி வீசிட்டு வந்திருப்பேன்"னு சொல்றதும் அதே அளவு கெடுதல்தான், அவ அதுக்கப்புறம் உங்ககிட்ட அழக்கூட வெக்கப்படுவா. எப்போ போறது, போறதா வேணாமாங்கிறது அவ முடிவு. அவன் எந்த நேரத்துல எப்படி மாறுவான்னு உங்களவிட அவளுக்கு நல்லாவே தெரியும், அந்தக் கணக்க வச்சுத்தான் இத்தனை நாள் உயிரோட இருக்கா.

ஆனா மூணு கேள்விய மட்டும் மெதுவா கேட்டே ஆகணும். கழுத்த நெரிச்சிருக்கானா? கொன்னுருவேன்னு சொல்லி மண்ணெண்ணெயோ பெட்ரோலோ அருவாளோ எடுத்திருக்கானா? வயித்துல புள்ள இருக்கும்போது அடிச்சிருக்கானா? இதுல ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தாலும் விஷயம் அவசரம்னு அர்த்தம். கழுத்த நெரிச்ச ஆள் பின்னாடி அவளையே கொல்ற வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல கூடுதுன்னு அமெரிக்கால நடந்த ஆய்வு சொல்லுது. கழுத்துல தடம் தெரியலன்னாலும் குரல் மாறியிருந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா, அந்த நேரத்துல தன்னை அறியாம சிறுநீர் போயிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, உள்ள வீக்கம் தாமதமா வரும்.

2. நாலு பேர சேக்குறது

நாலு பேருக்கு மேல வேணாம். ஒருத்தி அவகூட பேசுறதுக்கு, ஒருத்தி பேப்பர் நகை பாதுகாக்க, ஒருத்தி தங்குற இடமும் வண்டியும் பாக்க, ஒருத்தி ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலைய. ரொம்ப முக்கியமானது என்னன்னா, இந்த நாலு பேருக்கும் முழு விஷயமும் தெரியத் தேவையில்ல, பேப்பர் வச்சிருக்கிறவளுக்கு அவ எந்த ஊருக்குப் போறான்னு தெரியாம இருக்கிறது நல்லது, அவன் வீட்டு வாசல்ல வந்து கத்தும்போது தெரியாத விஷயத்த யாராலயும் வாங்க முடியாது. வாட்சப் குரூப் ஆரம்பிக்காதீங்க, தயவுசெஞ்சு.

யார சேக்கக் கூடாதுன்னா, அவனோட குடிக்கிற ஆளோட பொண்டாட்டி, "பேசித் தீத்துக்கலாம்"னு எல்லாத்துக்கும் நடுவுல போற பெரியம்மா, அப்புறம் கோவக்கார அண்ணன் தம்பி. அண்ணன் போயி மாப்பிள்ளைய ரெண்டு அறை அறைஞ்சா அந்த ராத்திரி அதுக்கு அடி வாங்கப் போறது இவதான், காலைல அண்ணன் மேல கேஸும் வந்துரும், அதுக்கப்புறம் "ரெண்டு பக்கமும் தப்பு"ன்னு ஊரே பேசும். சாதி மாத்தி கல்யாணம் பண்ணி பொறந்த வீட்டு உறவு அறுந்துபோன பொண்ணா இருந்தா உங்க நாலு பேரத் தவிர அவளுக்கு யாருமே இல்லன்னு வச்சுக்கோங்க, அங்க பொறந்த வீட்டுக்கு சேதி சொல்றதே ஆபத்தா முடியலாம், அவளக் கேக்காம சொல்லிறாதீங்க.

3. பேப்பரும் நகையும்

எனக்குத் தெரிஞ்ச ஒரு பனியன் கம்பெனி பொண்ணு விஷயத்துல இத செஞ்சது தெருமுனை டெய்லர் அக்கா. ப்ளவுஸ் துணி எடுத்துட்டு டெய்லர் கடைக்குப் போறத எந்தப் புருஷனும் கேள்வி கேக்க மாட்டான். இவ ஒவ்வொரு தடவையும் ஒரு துணிக்கவர்ல லைனிங் துணிக்கு அடில ஒரே ஒரு பேப்பர் வச்சு குடுப்பா, ஒரு வாரம் பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ், அடுத்த வாரம் பாஸ்புக், அப்புறம் மார்க் ஷீட். அக்கா அந்தக் கவர் மேல மத்த கவர்ங்க மாதிரியே அளவு சீட்டு குத்தி, தைக்காத துணிங்களோட மேல் பலகைல வச்சிட்டாங்க. "அக்கா ஹூக்கு வச்சாச்சா"ன்னு மெசேஜ் வந்தா இன்னிக்கு நிலைமை மோசம், ஏதாவது சாக்கு சொல்லி எனக்கு போன் பண்ணுங்கன்னு அர்த்தம். அவன் அவ போன எடுத்து பாத்தாலும் ஹூக்குதான் இருக்கும்.

எடுக்க வேண்டியது: அவ ஆதார், பிள்ளைங்க ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் (ரிஜிஸ்டர் பண்ணலன்னா இதுதான் சாட்சி), படிப்பு சர்டிபிகேட், சாதிச் சான்றிதழ், பாஸ்புக், மருந்துச் சீட்டு, அவனோட சம்பளச் சீட்டோ வேலை செய்ற இடத்து விவரமோ ஏதாவது. ஜீவனாம்சம் கேக்கும்போது "எனக்கு வருமானமே இல்ல"ன்னு அவன் நிப்பான், அதுக்குத்தான் கடைசியா சொன்னது. ஒரிஜினல் எடுக்க முடியலன்னா போட்டோ போதும், ஆதாரெல்லாம் மறுபடி எடுத்துக்கலாம், பேப்பருக்காக யாரும் அடி வாங்கக் கூடாது.

நகை அடகுல இருந்தா ரசீத போட்டோ எடுங்க, யார் பேர்ல வச்சிருக்குன்னு பாருங்க. பொறந்த வீட்டுல போட்டது, சீர் சாமான், மொய்யா வந்தது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, அது சீதனம், சட்டப்படி அவளுது, கோர்ட்ல திருப்பிக் கேக்கலாம்.

4. குழு லோன்

இதப் பத்தி யாருமே பேசறதில்ல, ஆனா நம்ம ஊர்ல பொண்ணுங்க மாட்டிக்கிற இடம் பாதி இதுதான். அவ பேர்ல மைக்ரோ பைனான்ஸ் குழு லோன் இருக்கும், பல தடவை அந்தக் காச எடுத்துக்கிட்டது புருஷனா இருக்கும். அவ திடீர்னு காணாமப் போனா அந்த வாரத் தவணைய மத்த மெம்பருங்க சேந்து கட்டணும், கட்டிட்டு கோவத்துல நேரா அவ வீட்டுக்கே போயி "உன் பொண்டாட்டி எங்க"ன்னு கேப்பாங்க. அவளத் தேட அவனுக்கு நாலு தெரு ஆளுங்க கெடச்சாச்சு.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே பாக்கி எவ்வளவு, எத்தனை தவணைன்னு அந்த லோன் அட்டைய போட்டோ எடுத்துக்கோங்க. முடிஞ்சா ரெண்டு தவணைக்கான காச நம்பிக்கையான ஒரு மெம்பர்கிட்ட குடுத்து வைங்க, இல்லன்னா நாலு பேர்ல ஒருத்தர் பொறுப்பெடுத்து கட்டுங்க. அவளுக்கு பஸ் காசு குடுக்குறதவிட இந்த ரெண்டு தவணை பெரிய உதவி, யாரும் தேடாத ரெண்டு வாரம் கெடைக்கும். கலெக்ஷன் ஆள் மிரட்டினா, 2022 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரங்கள தொந்தரவு பண்ணக் கூடாது. இத தைரியமா சொல்லுங்க.

5. போன்

பெரும்பாலும் அவ போன செட் பண்ணிக் குடுத்தது புருஷன்தான், ஜிமெயில் ஐடி அவனுது, பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும், சிம் அவன் பேர்ல. அப்படின்னா அவ எங்க போறான்னு மேப்லயே பாத்துருவான். வாட்சப்ல லிங்க்டு டிவைசஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல தெரியாத கம்ப்யூட்டர் ஏதும் இருக்கான்னு பாருங்க. ஆனா இருந்தாலும் அவசரப்பட்டு எடுக்காதீங்க, எடுத்தா அவனுக்கு சந்தேகம் வரும், கிளம்புற வரைக்கும் அந்த போன் எப்பவும் போல இருக்கட்டும். பிளான் பேசறதெல்லாம் உங்க போன்ல. கிளம்பும்போது அவளுக்கு ஒரு பட்டன் போனும் புது சிம்மும் போதும், பழைய போன சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டுப் போகணும். பிள்ளை கைல இருக்குற டேப்லெட், ஸ்கூட்டில மாட்டின ஜிபிஎஸ் இதையும் மறந்துறாதீங்க. ஜிபே காட்டிக் குடுக்கும், அதனால வழில ரொக்கம்.

மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா வர்ற அக்கவுண்ட்டோட ஏடிஎம் கார்டு அவன் கைல இருந்தா, போயி சேந்த பிறகு பேங்க்ல நம்பர மாத்தி புதுக் கார்டு வாங்கணும், முன்னாடியே செஞ்சா ஓடிபி மெசேஜ் அவனுக்குப் போயிடும்.

6. அடி பட்டா ஆஸ்பத்திரி சீட்டு

கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டி டாக்டர் ஏ.ஆர். போடுவார், ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். அதுல எப்படி அடி பட்டுச்சுன்னு ஒரு வரி எழுதுவாங்க. கூட வந்த மாமியார் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா"ன்னு சொன்னா அதுதான் பதிவாகும், ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல அந்த வரியத்தான் அவன் வக்கீல் படிச்சுக் காட்டுவார். அதனால கூட போறது நீங்களா இருங்க, அவள விட்டே "வீட்டுக்காரர் கையால அடிச்சார், இத்தன மணிக்கு, இந்த இடத்துல"ன்னு சொல்ல வைங்க. இத சொன்னா ஆஸ்பத்திரில இருந்து போலீசுக்கு தகவல் போகும், அது அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்ச பிறகு சொல்றதா வேணாமான்னு அவ முடிவு பண்ணட்டும். சொல்ல வேணாம்னு முடிவு பண்ணா காயத்த மட்டுமாவது போட்டோ எடுத்து உங்ககிட்ட வைங்க, முகமும் காயமும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு.

7. கிளம்புற நாள்

உயிருக்கு ரொம்ப ஆபத்தான நேரம் வீட்டுக்குள்ள இருந்த வருஷங்கள் இல்ல, கிளம்புற நாளும் அதுக்கடுத்த சில வாரங்களும்தான், அவ கைவிட்டுப் போறான்னு அவனுக்குப் புரியுற நேரம் அது. அதனால சண்டை போட்டுட்டு கிளம்பக் கூடாது, "நான் போறேன்"னு சொல்லிட்டும் கிளம்பக் கூடாது. அவன் வேலைக்குப் போன ஒரு சாதாரண நாள், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற நேரம், கைல எப்பவும் எடுத்துட்டுப் போற பை. பிள்ளைங்களுக்கு முன்னாடி நாள் ராத்திரி எதுவும் சொல்ல வேணாம், பாவம் அதுங்களால மறைக்க முடியாது.

டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு காசு இல்லங்கிறதால முதல் தூரத்துக்கு அதுவே வசதி, ஆனா அவங்க ஸ்டாப்புல ஏறாம ரெண்டு ஸ்டாப் தள்ளி ஏறச் சொல்லுங்க. தெரிஞ்ச ஆட்டோக்காரர் வேணாம், சாயங்காலம் ஸ்டாண்டுல அவன் கேட்ட உடனே சொல்லிருவார்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். அவ போன அன்னிக்கே அவன் ஸ்டேஷன்ல "பொண்டாட்டி காணோம், நகை பணத்தோட போயிட்டா"ன்னு புகார் குடுப்பான், கூட உதவினவங்க பேரையும் சேப்பான். அதுக்கு முன்னாடியே அவ கையெழுத்துல ஒரு லெட்டர்: நான் மேஜர், அடி தாங்க முடியாம என் விருப்பப்படி என் பிள்ளைங்களோட வந்துட்டேன், என்ன யாரும் கடத்தல, என் விலாசத்த என் கணவர்கிட்ட சொல்ல வேணாம். இத அந்த ஏரியா ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அல்லது கமிஷனர் ஆபீசுக்கும் ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பணும், தங்கியிருக்கிற ஊர்ல இருந்து போஸ்ட் பண்ணாதீங்க, ரசீது பத்திரம்.

8. எங்க தங்குறது

முதல் சில நாளுக்கு ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையம், சகின்னும் சொல்வாங்க, 5 நாள் வரைக்கும் தங்கலாம், டாக்டர் வக்கீல் கவுன்சலிங் எல்லாத்துக்கும் அங்கயே வழி பண்ணுவாங்க. பெண்கள் உதவி எண் 181க்கு ராத்திரி எந்நேரமும் போன் பண்ணலாம், கூட்டிட்டுப் போறதுக்கும் அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க. உயிர் ஆபத்துன்னா முதல்ல 112. பையன் பெரியவனா இருந்தா விடுதிகள்ல வயசு வரம்பு வச்சிருப்பாங்க, வாசல்ல போயி நிக்காம முன்னாடியே கேட்டுக்கோங்க. அதுக்கப்புறம் நீண்ட நாளுக்கு சக்தி சதன் விடுதிகள், தாம்பரம் மாதிரி ஊர்கள்ல இருக்கிற அரசு சேவை இல்லங்கள், சென்னைல 2001ல இருந்து குடும்ப வன்முறைல பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவுற பி.சி.வி.சி. மாதிரி தொண்டு அமைப்புகள். உங்க வீட்டுலயே வச்சுக்கலாமான்னு கேப்பீங்க. அவனுக்கு உங்க வீடு தெரியும்னா வேணவே வேணாம், தோழியோட தோழி வீடு நல்லது.

9. ஸ்டேஷனும் கோர்ட்டும்

1992ல நாட்டுக்கே முன்மாதிரியா தமிழ்நாட்டுல அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு எல்லா மாவட்டத்துலயும் இருக்கு. ஆனா அங்க போனா ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி சமாதானமா அனுப்பிவைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு, எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பின ராத்திரியே அடி விழுந்த கதை நிறைய. அதனால தனியா அனுப்பாதீங்க, ரெண்டு பேர் கூடப் போங்க, புகார எழுத்துல குடுங்க, சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற சீட்டு, அத வாங்காம நகராதீங்க. கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு 2024 ஜூலைல இருந்து பி.என்.எஸ்.ங்கிற புது குற்றவியல் சட்டத்துல 85வது பிரிவு.

போலீஸ் கேஸ் வேணாம், அடிக்காம இருந்தா போதும், இருக்க இடமும் பிள்ளைக்கு செலவும் வேணும்னு பல பேர் சொல்வாங்க. அதுக்குத்தான் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். மாவட்ட சமூகநலத்துறைல பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, அவங்க டி.ஐ.ஆர்.ங்கிற குடும்ப வன்முறை சம்பவ ரிப்போர்ட் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. அவன் கிட்ட வரக் கூடாதுன்னு உத்தரவு, வீட்டுல தங்குற உரிமை, செலவுத் தொகை, பிள்ளை பொறுப்பு எல்லாம் இந்த ஒரே மனுவுல கேக்கலாம். இப்ப தற்காலிகமா தங்கியிருக்கிற ஊர்லயே மனு போடலாம், பழைய ஊருக்கு அலைய வேணாம். அவசரம்னா அவன் வராமலே இடைக்கால உத்தரவு போட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பாதுகாப்பு உத்தரவ மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நிஜத்துல இழுக்கும், அதுக்கு மனச தயார் பண்ணுங்க. வக்கீலுக்கு காசில்லன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவசம், அவங்க உதவி எண் 15100.

ஊர் பஞ்சாயத்து, ஜமாத் கூப்பிட்டா பேசறவங்க அத்தன பேரும் ஆம்பளையா இருப்பாங்க. இத மாத்தத்தான் புதுக்கோட்டைல ஷரீபா கானம் முன்னெடுத்து பொண்ணுங்களே உக்காந்து வழக்கு கேக்குற முஸ்லிம் பெண்கள் ஜமாத் உருவாச்சு. உங்க ஊர்ல அப்படி இல்லன்னா, வெறுமனே வாய்ப்பேச்சா எதையும் ஒத்துக்க வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க, வெத்துப் பத்திரத்துல கையெழுத்து வேணவே வேணாம்.

10. அதுக்கப்புறம் வர்ற ஆறு மாசம்

முதல் வாரம் எல்லாரும் இருப்பாங்க. மூணாவது மாசம் அவ ஒரு ரூம்ல பிள்ளைங்கள வச்சுக்கிட்டு, வேலைக்குப் போயிட்டு, தனியா அழுதுட்டு இருப்பா, அப்பதான் அவன் மாமாவ விட்டு சேதி அனுப்புவான், திருந்திட்டேன்னு. பல பேர் திரும்பிப் போறது அடி மறந்து இல்ல, வாடகையும் தனிமையும் தாங்காமத்தான். அதனால நாலு பேரும் ஒரு அட்டவணை போட்டுக்கோங்க, ஒருத்தி வாராவாரம் போன், ஒருத்தி கோர்ட் வாய்தாக்கு கூடப் போறது, மாசா மாசம் ஆளுக்கு 500 ரூபாயோ அரிசி மூட்டையோ. பிள்ளைய புது ஸ்கூல்ல சேக்க டி.சி. இல்லன்னு நிறுத்தினா, எட்டாவது வரைக்கும் டி.சி. தாமதத்தக் காரணம் காட்டி சேக்காம இருக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. ஹெட்மாஸ்டர்கிட்ட விஷயத்த சொல்லி, அப்பா வந்து கேட்டா பிள்ளைய அனுப்ப வேணாம், முதல்ல அம்மாவுக்கு போன் பண்ணுங்கன்னு எழுதிக் குடுங்க, கோர்ட் உத்தரவு இருந்தா காப்பியும் சேத்து. தீபாவளி, பிள்ளை பொறந்தநாள் மாதிரி நாட்கள்ல அவள வீட்டுக்கு கூப்பிடுங்க, அந்த நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம்.

திரும்பிப் போயிட்டான்னா? கோவப்படாதீங்க, "இனிமே என்கிட்ட வராத"ன்னு சொல்லிறாதீங்க. நிரந்தரமா வெளிய வர்றதுக்கு முன்னாடி பல தடவை போயி வர்றது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான். "எப்ப வேணாலும் கூப்பிடு, பேப்பர் என்கிட்டயே இருக்கு"ன்னு மட்டும் சொல்லுங்க. அப்படியே வச்சிருங்க, குடுத்துறாதீங்க.

உங்க பாதுகாப்பு

அவன் வந்து கேட்டா "எனக்குத் தெரியாது", அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க, நியாயம் பேசப் போகாதீங்க. கதவ தட்டினா திறக்காம 112. நல்ல எண்ணத்துல பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் குடுத்தவங்க மேல கேஸ் போட முடியாதுன்னு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தோட 4வது பிரிவே சொல்லுது, அதனால அவளால போக முடியலன்னாலும் நீங்க போயி தகவல் சொல்லலாம், உயிர் போற அவசரமா இல்லன்னா அவள ஒரு வார்த்தை கேட்டுட்டு. உங்க வீட்டு ஆளுங்ககிட்ட எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவு மட்டும் சொல்லுங்க. பேசின மெசேஜ், கால் ஹிஸ்டரி உங்க போன்லயும் அழிச்சிருங்க, ஆனா அவன் மிரட்டி அனுப்பினது, காய போட்டோ, ரசீது இதுங்கள மட்டும் அழிக்காம ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்க, கேஸ் முழுசா முடியுற வரைக்கும் அது உங்க நாலு பேர்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கணும், அது யார்ங்கிறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.